பிரான்சில் மத நடுநிலை யார் கடமை? அரசினுடையதா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையினுடையதா?

காரைக்கால்காரி | ஞாயிறு, காலை 9:40

"பிரான்சுக்கு வந்தால் பிரான்ஸ் சட்டப்படி நட, பிடிக்கவில்லையா, ஊருக்குப் போ." முஸ்லிம்களைப் பற்றிப் பேச்சு வருகிற எல்லாத் தமிழ்க் குழுக்களிலும் இதை யாராவது எழுதிவிடுகிறார்கள். சட்டப்படி நடக்க எனக்கு முழுச் சம்மதம். அதனால் அந்தச் சட்டத்தையே எடுத்து வைத்துப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1905 டிசம்பர் 9-ஆம் தேதிச் சட்டம். தொலைக்காட்சியில் காலை முதல் ராத்திரி வரை லாயிசிதே, லாயிசிதே (மத விஷயத்தில் அரசின் நடுநிலை) என்கிறார்களே, அதற்கு அடித்தளம் இதுதான். முதல் பிரிவு: குடியரசு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது, பொது ஒழுங்குக்காக விதிக்கும் கட்டுப்பாடுகள் தவிர வழிபாட்டுக்குத் தடை இல்லை. இரண்டாம் பிரிவு: குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ தராது. இரண்டுமே அரசின் கையைக் கட்டுகிற பிரிவுகள். தபால் நிலையத்தில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் முக்காடோ சிலுவையோ போடக்கூடாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்தான் அரசு. வெளியே வரிசையில் நிற்கிற நான் அரசு இல்லை.

இந்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் விவாதத்தில் இருந்தபோது, பாதிரியார்கள் தெருவில் அங்கி போட்டு நடப்பதையே தடை செய்ய வேண்டும் என்று ஷபேர் என்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அங்கி பெண் உடை போல இருக்கிறது, அடிமைத்தனத்தின் அடையாளம், அதைக் கழற்றிவிட்டு மனிதனை விடுதலை செய்வோம் என்ற ரீதியில் வாதம். சட்டத்தை முன்வைத்த அரிஸ்தித் பிரியான் எதிர்த்தார். சுதந்திரம் தருவதற்கென்று வருகிற சட்டம் ஒரு உடையைப் பிடித்துத் தொங்கினால் கேலிக்கு ஆளாகும், தடை போட்டால் பாதிரியாரும் தையற்காரரும் சேர்ந்து மறுநாளே வேறொரு அங்கியைத் தைத்துவிடுவார்கள் என்பது அவர் பதில். திருத்தம் தோற்றது. இன்றைக்கு முக்காட்டைப் பற்றிச் சொல்கிற அத்தனை வாதமும் அன்றைக்கே அங்கியைப் பற்றிச் சொல்லப்பட்டு, சட்டத்தை எழுதியவர்களாலேயே தள்ளப்பட்டவை.

அப்புறம் எங்கே மாறியது? 1989-இல் கிரெய் என்ற ஊரில் மூன்று மாணவிகளை முக்காட்டுக்காகப் பள்ளிக்குள் விடவில்லை. உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்சேய் தெத்தா அந்த ஆண்டு நவம்பரில் சொன்னது: மாணவி மத அடையாளம் அணிவது அதனளவில் லாயிசிதேவுக்கு முரண் அல்ல, பிறரை வற்புறுத்தினால், வகுப்பைக் குலைத்தால்தான் பிரச்சினை. 2004-இல் அரசுப் பள்ளி மாணவர்கள் வெளிப்படையான மத அடையாளங்கள் அணியக்கூடாது என்று சட்டமே போட்டு அதை மாற்றினார்கள். 2010-இல் பொது இடங்களில் முகத்திரைக்குத் தடை. 2023-இல் பள்ளிகளில் அபாயா என்கிற நீள அங்கிக்குத் தடை. கட்டுப்பாடு அதிகாரியிடமிருந்து மாணவிக்கு வந்தது, மாணவியிடமிருந்து பந்து விளையாடுகிற பெண்ணுக்கு வந்திருக்கிறது, பிள்ளையோடு சுற்றுலாவுக்குத் துணை போகிற அம்மாவுக்கும் வரப் பார்க்கிறது. நடுநிலை அரசின் கடமையாக இருந்தது, இப்போது குடிமக்கள் தலையில் வைக்கிறார்கள். இதுதான் என் வாதம். மறுப்பவர்கள் மறுத்து எழுதுங்கள், வசை மட்டும் வேண்டாம்.

---

வண்ணை வாசன் | ஞாயிறு, காலை 10:25

வணக்கம் தங்கச்சி. நான் கன காலமாகப் பாரிஸில், லாச்சப்பல் பக்கம் கடை வைத்திருக்கிறேன். ஆவணிக் கடைசியில் எங்கள் மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேர் வரும். காவடி, நாதஸ்வரம், றோட்டு முழுக்கத் தேங்காய். பொலிஸ் தெருவை மறித்துத் தரும். பிறகு கழுவிக் கூட்டுகிற வாகனம் வரும். வெள்ளைக்காரர் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து பார்ப்பார்கள். ஒருத்தரும் எங்களிடம் லாயிசிதே கதைத்ததில்லை.

அப்படியென்றால் சட்டம் மதத்துக்கு எதிரி இல்லைத்தானே? முறையாக விண்ணப்பித்தோம், அனுமதி கிடைத்தது. எங்களுக்குப் பக்கத்துத் தெரு ரூ மிராவில் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நடுத்தெருவில் பாய் விரித்துத் தொழுதார்கள். சனம் நடக்க வழியில்லை. அதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. சட்டம் ஒன்றுதான், நடந்துகொள்கிற விதம்தான் வேறு என்று நினைக்கிறேன்.

---

சேலம் சிவா | ஞாயிறு, காலை 10:31

பள்ளிக்கூடம் என்றால் சீருடை. எல்லாரும் ஒரே மாதிரி வரட்டும், முடிந்தது கதை. இதில் இவ்வளவு பேச என்ன இருக்கிறது?

---

காரைக்கால்காரி | ஞாயிறு, காலை 10:50

சிவா, இங்கே அரசுப் பள்ளிகளில் சீருடையே கிடையாது. 2024-இல் சில பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். ஜீன்ஸ், கிழிந்த ஜீன்ஸ், ஹூடி, பாவாடை, எதுவும் போடலாம். எல்லாம் போடலாம் என்கிற இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவதால்தான் இவ்வளவு பேச்சு.

வாசன் அண்ணாவுக்கு மாலையில் விரிவாக எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

---

வாத்தியாரம்மா | ஞாயிறு, பகல் 1:15

பாரிஸ் புறநகரில் ஒரு அரசு கொலேஜில் (நடுநிலைப் பள்ளியில்) கணக்கு நடத்துகிறேன். 2004 சட்டத்தை ஆதரிக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

காலை எட்டு மணிக்கு முன்னால் எங்கள் பள்ளி வாசலுக்கு வந்து நின்றால் தெரியும். இரும்புக் கதவுக்கு இரண்டடி தள்ளிப் பெண்பிள்ளைகள் நிற்பார்கள். ஊசியைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, துணியை உருவி, நாலாக மடித்துப் பையின் முன்பக்க ஜிப்பில் வைப்பார்கள். முடியைக் கையாலேயே கோதிக் கட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள். சாயங்காலம் அதே இடத்தில் கைப்பேசியைக் கண்ணாடி மாதிரிப் பிடித்துக்கொண்டு திரும்பக் கட்டுவார்கள். சிலர் முகத்தில் வலி தெரியும், மறைக்கவில்லை. ஆனால் இன்னும் சிலர் வாசலைத் தாண்டியதும் தோள் தளர்ந்து, சத்தமாகச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். "வீட்டில் அண்ணன் கேட்டால் மதாம், ஸ்கூலில் விடமாட்டார்கள் என்று சொல்லிவிடுவேன்" என்று என்னிடமே ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு இந்தச் சட்டம் ஒரு சாக்கு. வேறு சாக்கு அவளுக்கு இல்லை.

2003-இல் லாயிசிதே பற்றி ஆராய அமைத்த, பெர்னார் ஸ்தாசி தலைமையிலான குழு ஆறு மாதம் சாட்சியம் கேட்டது. குடியிருப்புகளில் பெண்பிள்ளைகள் மீது இருந்த அழுத்தம் பற்றிக் கேட்டதுதான் உறுப்பினர்களின் மனத்தை மாற்றியது. 2004 சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் 494 பேர் ஆதரவு, 36 பேர் எதிர்ப்பு. வலது, இடது இரண்டும் சேர்ந்து போட்ட ஓட்டு அது.

இன்னொன்று. 2020 அக்டோபர் 16-ஆம் தேதி சாமுவேல் பத்தி கொல்லப்பட்டார். கருத்துச் சுதந்திரம் பற்றிப் பாடம் நடத்தினார், பள்ளி விட்டு வீட்டுக்கு நடந்து போகும் வழியில் கழுத்தை அறுத்தார்கள். 2023-இல் அராஸ் நகரில் தொமினிக் பெர்னார். இரண்டு பேரும் என்னைப் போல ஆசிரியர்கள். அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் பேச்சு எப்படி இருக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. "ஒரு துணிதானே" என்று எங்களிடம் சொல்லும்போது இதையும் நினைத்துப் பாருங்கள்.

---

குத் தோர் குடிவாசி | ஞாயிறு, மாலை 4:05

வாசன் அண்ணைக்கு ரூ மிரா பற்றி மட்டும். நான் அந்தப் பேட்டையிலேயே குடியிருப்பவன், முஸ்லிம் இல்லை.

பாய் விரித்தவர்கள் ஆசைப்பட்டு விரிக்கவில்லை. அங்கே இருந்தது சின்னத் தொழுகைக்கூடம், ஜும்ஆவுக்கு வந்த கூட்டம் பெரிது. மழையிலும் பிளாஸ்டிக் விரித்துத் தொழுததைப் பார்த்திருக்கிறேன். 2010 டிசம்பரில் தீவிர வலதுசாரி அரசியல்வாதி மரீன் லெ பென் இதை இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானியர் ஆக்கிரமிப்போடு ஒப்பிட்டுப் பேசியதும் நாடே பற்றிக்கொண்டது. 2011 செப்டம்பரில் தெருத்தொழுகையைத் தடுத்தார்கள். ஆனால் தடுத்ததோடு விடவில்லை, நகர எல்லையில் சும்மா கிடந்த பழைய தீயணைப்புப் படைக் கட்டடத்தைத் தொழுகைக்கு ஒதுக்கினார்கள். இடம் கிடைத்தது, தெருத்தொழுகை நின்றது. ஒரே வெள்ளிக்கிழமையில் முடிந்த கதை. அப்படியென்றால் முதலிலிருந்தே பிரச்சினை இடம்தான்.

தேர் வருடத்துக்கு ஒருநாள், ஜும்ஆ வாரத்துக்கு ஒருநாள், இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "அவர்கள் நடத்தை சரியில்லை" என்று முடித்துவிடாதீர்கள்.

---

புதுவைக் கணக்கர் | ஞாயிறு, மாலை 5:30

இடம் என்ற பேச்சு வந்துவிட்டதால் பணத்தையும் பேசலாம். இங்கே பலருக்கும் தெரியாத பக்கம் இது.

1905-க்கு முன் கட்டிய தேவாலயங்கள் ஊராட்சிகளுக்குச் சொந்தம், கதீட்ரல்கள் அரசுக்குச் சொந்தம். கத்தோலிக்கர்கள் அவற்றை இலவசமாகப் பயன்படுத்துகிறார்கள். கூரை ஒழுகினால் ஊராட்சி பழுது பார்க்கும், அதாவது நம் வரிப்பணம். முஸ்லிம்கள் வந்து குடியேறியது பெரும்பாலும் அதற்குப் பிறகு. அதனால் பள்ளிவாசல் கட்ட ஒரு காசு பெயராது. சட்டம் எல்லாருக்கும் சமம்தான், ஆனால் தொடங்கிய தேதி ஒருவருக்குச் சொத்தையும் மற்றவருக்கு வெறுங்கையையும் கொடுத்துவிட்டது. லாச்சப்பல் கோயிலும் அடியார் காசில்தான் ஓடுகிறது என்பதை வாசன் அண்ணை சொல்லத் தேவையில்லை.

பாரிஸ் பெரிய பள்ளிவாசல் விதிவிலக்கு. முதல் உலகப்போரில் செத்த முஸ்லிம் சிப்பாய்களுக்கு நன்றியாக 1920-இல் தனிச் சட்டம் போட்டு 5 லட்சம் பிராங்க் ஒதுக்கினார்கள். 1926 ஜூலையில் ஜனாதிபதி துமேர்கே திறந்துவைத்தார், மொரோக்கோ சுல்தானும் வந்திருந்தார். சட்டத்தை மீறாமல் எப்படிச் செய்தார்கள் என்றால், பணம் ஒரு சங்கத்தின் வழியாகப் போனது. மனம் இருந்தால் வழி இருக்கிறது என்று அரசே காட்டிய இடம் அது.

அல்சாஸ்-மொசெல் இன்னும் சுவாரசியம். 1905-இல் அந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது. திரும்பி வந்தபோது பழைய ஏற்பாட்டையே விட்டுவைத்தார்கள். இன்றைக்கும் அங்கே கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்தாந்து போதகர், யூத ரபி மூன்று தரப்புக்கும் அரசு சம்பளம். 2013-இல் அரசியல் சாசன மன்றமும் இது செல்லும் என்றது. இமாம் அந்தப் பட்டியலில் இல்லை. பிரெஞ்சு கயானாவில் 1828-ஆம் ஆண்டு அரசாணைப்படி கத்தோலிக்கப் பாதிரியாருக்குச் சம்பளம் போகிறது. ஒரே குடியரசுக்குள் இத்தனை ஏற்பாடு. ஆனால் "லாயிசிதேவில் விட்டுக்கொடுப்பே கிடையாது" என்ற பேச்சை நான் முஸ்லிம்கள் விஷயத்தில்தான் அதிகம் கேட்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டின் தெப்ரே சட்டப்படி ஒப்பந்தம் போட்ட தனியார் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. சுமார் 20 லட்சம் பிள்ளைகள் இப்படிப் படிக்கிறார்கள், மிகப் பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகளில். முஸ்லிம் பள்ளிகளில் ஒப்பந்தம் பெற்றவை விரல்விட்டு எண்ணலாம். லீல் நகரின் அவெரோயெஸ் பள்ளி 2003-இல் தொடங்கியது, 2008-இல் ஒப்பந்தம் பெற்றது, தேர்ச்சியில் முன்னணிப் பள்ளிகளில் ஒன்றாகப் பேர் வாங்கியது. 2023 டிசம்பரில் பிரெஃபே (அந்த வட்டாரத்தில் அரசின் பிரதிநிதி) ஒப்பந்தத்தை ரத்து செய்தார். பணம் நின்றது, பிள்ளைகள் குறைந்தார்கள். 2025 ஏப்ரலில் நிர்வாக நீதிமன்றம் அந்த ரத்து செல்லாது என்று தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, சரி. இடையில் போன காலத்தை யார் தருவது?

---

காரைக்கால்காரி | ஞாயிறு, இரவு 8:20

கணக்கர் ஐயா, நன்றி. அவெரோயெஸ் தொடங்கிய ஆண்டைக் கவனியுங்கள், முக்காட்டுச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். பொதுப்பள்ளி வெளியே தள்ளியது, சமூகம் தனக்கென்று பள்ளி கட்டியது, அதற்குப் "பிரிவினைவாதம்" என்று பேர் வைத்தார்கள்.

வாத்தியாரம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த அண்ணனுக்குப் பயந்த பிள்ளை என் பிள்ளையும்தான். அவளை யார் வற்புறுத்தினாலும் தடுக்க வேண்டியது பள்ளியின் வேலை, அதற்குச் சட்டமும் இருக்கட்டும். கொன்சேய் தெத்தா 1989-இல் சொன்ன கருத்திலேயே வற்புறுத்தலைத் தடுக்க இடம் இருந்தது. 2004 சட்டம் வற்புறுத்துகிற அண்ணனைத் தொடவில்லை. வற்புறுத்தப்பட்டவளையும் தானாக விரும்பிப் போட்டவளையும் சேர்த்து வாசலில் நிறுத்துகிறது. தோள் தளர்ந்து ஓடுகிற பிள்ளைக்கு ஒரு சாக்குத் தேவை என்பதற்காக, வலியோடு கழற்றுகிற பிள்ளையின் வலியைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியுமா?

ஸ்தாசி குழு இன்னொன்றும் சொன்னது, அதை ஏனோ யாரும் சொல்வதில்லை. யூதர்களின் யோம் கிப்பூரையும் நம் ஹஜ்ஜுப் பெருநாளையும் பள்ளி விடுமுறை ஆக்கலாம் என்று பரிந்துரைத்தது. இந்த நாட்டின் 11 பொது விடுமுறைகளில் 6 கிறிஸ்தவப் பண்டிகைகள். பரிந்துரைத் தொகுப்பில் தடையை எடுத்துக்கொண்டார்கள், விடுமுறையை அப்படியே வைத்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்திருந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

சரி, 2004-ஐ ஏற்றுக்கொண்டோம் என்றே வையுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஏற்றுக்கொண்டு வாசலில் கழற்றத்தான் செய்கிறார்கள், நீங்களே பார்க்கிறீர்கள். அதற்குப் பிறகு அபாயா எதற்கு? அது நீளமான அங்கி, தலையை மூடுவதுகூட இல்லை. 2023 ஆகஸ்ட் கடைசியில் புதிதாகக் கல்வி அமைச்சரான கப்ரியேல் அத்தால் அபாயாத் தடையை அறிவித்தார். பள்ளி திறந்த நாளில் 298 பிள்ளைகள் அபாயாவோடு வந்தார்கள், 67 பேர் கழற்ற மறுத்துத் திரும்பிப் போனார்கள் என்று அவரே சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் மொத்தம் ஒரு கோடிக்கு மேல். அந்த வாரம் ஆசிரியர் பற்றாக்குறை பற்றி யாரும் பேசவில்லை.

என் மகளும் அவள் சிநேகிதியும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கறுப்பு நீளப் பாவாடை வாங்கினார்கள். சிநேகிதி பிரெஞ்சுப் பிள்ளை. பள்ளியில் என் மகளை மட்டும் தனியே கூப்பிட்டு, "இதை ஏன் போட்டாய், வீட்டில் தொழுவீர்களா" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் வந்து என்னிடம் கேட்டது: "உம்மா, அவள் போட்டால் பாவாடை, நான் போட்டால் மார்க்கமா?" துணியைப் பார்த்து முடிவெடுக்க முடியாத இடத்தில் போட்டிருப்பவரின் பேரைப் பார்த்துத்தானே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பிரியான் அன்றைக்கே தையற்காரரைப் பற்றிச் சொன்னது இதைத்தான்.

---

நாகூர் ஹமீது | ஞாயிறு, இரவு 9:10

நான் தொழுவதில்லை. நோன்பும் வைப்பதில்லை. ஊரில் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, இங்கே சொல்ல முடிகிறது. அதற்கு லாயிசிதேவுக்கு நன்றி சொல்வேன். மதத்தைக் கிண்டல் செய்கிற உரிமை, மதத்தை விட்டு விலகுகிற உரிமை, இரண்டும் மதச் சுதந்திரத்தில் சேர்த்தி என்பதைக் காரைக்கால்காரி லாத்தா மறக்காமல் இருக்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அல்ஜீரியாவும் மொரோக்கோவும் துருக்கியும் ஆள் அனுப்பிய காலத்தில், எங்கள் தலைமுறைக்கு அதில் பேச்சே இல்லை. 2003-இல் அரசே ஒரு முஸ்லிம் மன்றத்தை உருவாக்கிக் கையில் வைத்துக்கொண்டது, அதுவும் அந்தந்த நாட்டுச் சண்டையிலேயே ஓய்ந்தது.

ஆனால் ஒரு வரலாற்றை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் "முஸ்லிம்களுக்கு லாயிசிதே ஒத்துவராது" என்று அடிக்கடி கேட்கிறேன். 1907-இல் இந்த 1905 சட்டத்தை, அப்போது பிரான்சின் காலனியாக இருந்த அல்ஜீரியாவுக்கும் நீட்டித்தார்கள், காகிதத்தில். நடைமுறையில் பள்ளிவாசல்களும் இமாம்களின் உதவித்தொகையும் காலனி அரசின் கையிலேயே இருந்தன. இமாம் என்ன பேசுகிறார் என்று கண்காணிக்க அது வசதி. அல்ஜீரிய மார்க்க அறிஞர் பென் பாதிஸ் 1931-இல் தொடங்கிய உலமாக்கள் சங்கம் திரும்பத் திரும்பக் கேட்டது என்ன தெரியுமா? "உங்கள் பிரிவினைச் சட்டத்தை எங்களுக்கும் நடைமுறைப்படுத்துங்கள், எங்கள் பள்ளிவாசலை விட்டுக் கையை எடுங்கள்" என்றுதான். லாயிசிதேவை முழுசாகக் கேட்டது அரபு உலமாக்கள், தர மறுத்தது குடியரசு. என் அல்ஜீரிய நண்பர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

---

சார்செல் சாச்சா | ஞாயிறு, இரவு 10:00

பிள்ளைகள் உடுப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். வயசான எங்களுக்கு வேறு கவலை.

இங்கே கல்லறைத் தோட்டம் ஊராட்சியுடையது. 1881-லிருந்து மதவாரியாகச் சுவர் வைத்துப் பிரிக்கக்கூடாது. ஆனால் மேயர் மனம் வைத்தால் ஒரு பகுதியில் முஸ்லிம் கபுறுகளை (புதைகுழிகளை) மக்காவின் திசையான கிப்லா பார்த்து வைக்கலாம். வைத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை, அவர் விருப்பம்தான். பொபினியில் 1937-இல் திறந்த முஸ்லிம் கபர்ஸ்தான் இருக்கிறது, ஆனால் இந்த ஜனத்தொகைக்கு அது எங்கே போதும்? இன்னொன்று, குழியை 15 வருஷம், 30 வருஷம், 50 வருஷம் என்று குத்தகைக்குத்தான் பல ஊர்களில் தருகிறார்கள். கெடு முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் எலும்பை எடுத்துப் பொது அறையில் வைத்துவிடுவார்கள். நம்மில் மையத்தை (இறந்தவர் உடலை)த் தோண்டி எடுப்பதில்லை. அதனால்தான் நிறையப் பேர் மாதாமாதம் காசு கட்டி, மையத்தை விமானத்தில் ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது விமானம் நின்றது, புதைக்க இடம் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். அந்த வசந்தகாலத்தில் நானும் ஒரு குடும்பத்தோடு மேயர் அலுவலகங்களுக்கு ஃபோன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இறந்தவர் எங்கள் ஊர்க்காரரா?" என்பதுதான் எல்லா இடத்திலும் முதல் கேள்வி.

ஸ்திராஸ்பூரில் 2012-இல் நகராட்சியே முஸ்லிம் கபர்ஸ்தான் திறந்தது, அது அல்சாஸில் இருக்கிறது, கணக்கர் சொன்ன அந்தத் தனி ஏற்பாடு இருப்பதால் முடிந்தது. இங்கேயே பிறந்த பிள்ளைகள் இங்கேதான் அடங்கப் போகிறார்கள். இதைப் பற்றி எந்தக் கட்சியும் தேர்தலில் பேசி நான் கேட்டதில்லை.

---

வண்ணை வாசன் | ஞாயிறு, இரவு 10:20

சாச்சா, எங்கள் ஆட்களுக்கு எரிக்கிறதாலே இந்தச் சிக்கல் தெரியாது. வாசித்ததும் மனம் கனத்துப் போச்சு.

---

சட்டம் படிப்பவன் | திங்கள், காலை 7:45

நீதிமன்றங்கள் பற்றிச் சுருக்கமாக. முகத்திரைத் தடைச் சட்டம் வருவதற்கு முன், 2010 மார்ச்சிலேயே கொன்சேய் தெத்தா எச்சரித்தது: எல்லா இடத்துக்குமான முழுத் தடைக்கு உறுதியான சட்ட ஆதாரம் இல்லை என்று. அரசு கேட்கவில்லை. 150 ஐரோ வரை அபராதம். 2014 ஜூலையில் ஸ்திராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தடையை ஏற்றது. ஆனால் ஏற்ற விதத்தைப் பாருங்கள். பெண் சமத்துவம் என்ற வாதத்தை ஏற்கவில்லை, மனித மாண்பு என்ற வாதத்தை ஏற்கவில்லை, பாதுகாப்புக்கு இவ்வளவு பரந்த தடை தேவையில்லை என்றது. கடைசியில் "சேர்ந்து வாழ்தல்" என்ற ஒன்றை மட்டும் வைத்து, நாட்டின் விருப்பத்துக்கு விட்டது. இரண்டு நீதிபதிகள் மறுத்து எழுதினார்கள். 2018-இல் ஐநா மனித உரிமைக் குழு அதே சட்டத்தில் இரண்டு பெண்களின் உரிமை மீறப்பட்டது என்றது. பிரான்ஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2020-இல் எல்லாரும் முகக்கவசம் போட்டே வெளியே வந்தோம், அந்தச் சட்டமும் அப்படியே இருந்தது.

நீதிமன்றம் எப்போதும் ஒரு பக்கம் என்று சொல்ல முடியாது. நீஸ் தாக்குதலில் 86 பேர் இறந்த கோடையில், கடற்கரையில் உடலை மூடுகிற நீச்சல் உடையான புர்கினியை மேயர்கள் தடை செய்தார்கள். 2016 ஆகஸ்ட் 26-இல் கொன்சேய் தெத்தா அதை நிறுத்திவைத்தது. பயம் மட்டும் போதாது, ஒழுங்கு குலைந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றது. அதே நீதிமன்றம் 2023 ஜூனில் கால்பந்துக் கூட்டமைப்பின் முக்காட்டுத் தடையை ஏற்றது. தடை கூடாது என்று, வழக்கில் தனிக் கருத்துச் சொல்கிற அந்த நீதிமன்றத்தின் சுயேச்சை அறிக்கையாளரே மூன்று நாள் முன்பு பரிந்துரைத்திருந்தும் ஏற்றது. உலகக் கால்பந்து அமைப்பு 2014 முதலே அனுமதிக்கிற ஒன்று அது. விளையாடுகிற பெண் அரசு ஊழியர் இல்லை. காரைக்கால்காரி சொல்கிற நகர்வு எனக்கு இந்தத் தீர்ப்பில்தான் பளிச்சென்று தெரிகிறது.

---

வாத்தியாரம்மா | திங்கள், மாலை 6:30

> அவள் போட்டால் பாவாடை, நான் போட்டால் மார்க்கமா?

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. பாவாடை நீளத்தை அளக்கிற வேலையை எங்களுக்குக் கொடுத்ததை எங்கள் சங்கத்திலேயே பலர் விரும்பவில்லை. விளையாட்டிலும் தெருவிலும் தடை கூடாது என்பதிலும் உங்களோடுதான் நிற்கிறேன். ஆனால் பள்ளிக்குள் 2004 சட்டம் இருக்க வேண்டும் என்பதில் மாறமாட்டேன். பதினைந்து வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு வீடும் தெருவும் எட்டாத ஓர் இடம் வேண்டும்.

---

காரைக்கால்காரி | திங்கள், இரவு 7:50

அந்த இடம் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். அந்த இடத்துக்குள் வர என் மகள் தன்னில் ஒரு பகுதியை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டுமா என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. இது இன்னும் கொஞ்ச காலம் இருக்கும், பரவாயில்லை. 2025 ஏப்ரலில் லா கிரான்-கோம் என்ற சிற்றூரின் பள்ளிவாசலில், தனியாகத் தொழுதுகொண்டிருந்த மாலி நாட்டு இளைஞனைக் குத்திக் கொன்றார்கள். சாமுவேல் பத்தியின் பேரையும் அவனையும் ஒரே மூச்சில் சொல்லி அழத் தெரிந்தவர்களோடு எனக்கு வாதம்தான் இருக்கிறது, பகை இல்லை.

---

புதிய உறுப்பினர்: பொந்துவாஸ் பர்வீன் | திங்கள், இரவு 8:35

அஸ்ஸலாமு அலைக்கும். என் மகன் எக்கோலில் (தொடக்கப் பள்ளியில்) படிக்கிறான். அடுத்த மாதம் வகுப்போடு மியூசியம் போகத் துணைக்கு அம்மாக்கள் வேண்டும் என்று சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் மக்கனா (தலை முக்காடு) போடுவேன். பேர் கொடுத்துவிட்டு, அங்கே போய் எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா?

---

சட்டம் படிப்பவன் | திங்கள், இரவு 9:05

கொடுங்கள் அக்கா. துணைக்குப் போகிற பெற்றோர் அரசு ஊழியர் அல்ல, அவர்களுக்கு நடுநிலைக் கடமை பொதுவாகக் கிடையாது என்று கொன்சேய் தெத்தாவின் 2013 டிசம்பர் ஆய்வு சொல்கிறது. பள்ளி ஒழுங்குக்கோ வேலை சரியாக நடக்கவோ தேவைப்பட்டால் மட்டும் தலைமையாசிரியர் கட்டுப்பாடு விதிக்கலாம். 2019-இலும் 2021-இலும் செனட் இதைத் தடை செய்யப் பார்த்தது, இரண்டு தடவையும் சட்டத்தில் சேரவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: வகுப்பறைக்குள் ஆசிரியரோடு சேர்ந்து பாட வேலை நடத்தக் கூப்பிட்டால் அங்கே நடுநிலை கேட்கலாம் என்று 2019-இல் லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மியூசியத்துக்குத் துணை போவது அது இல்லை.

---

காரைக்கால்காரி | திங்கள், இரவு 9:20

வ அலைக்கும் ஸலாம் பர்வீன். சீட்டில் பேர் எழுதி, பிள்ளையின் தொடர்பு நோட்டில் ஒட்டி அனுப்பு. வாய்வார்த்தையாக வேண்டாம் என்று சொன்னால் சண்டை போடாதே, "காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று மட்டும் கேள். எழுத்தில் மறுத்தால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உரிமைக் காப்பாளரின் (உரிமை மறுப்பு, பாகுபாடு பற்றிய புகார்களைக் கேட்கும் சுயேச்சை அமைப்பு) உள்ளூர்ப் பிரதிநிதியைப் போய்ப் பார்க்கலாம், காசு கிடையாது, பெரும்பாலும் மேரியிலேயே (மேயர் அலுவலகத்திலேயே) உட்காருவார்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்குத் தனிமடல் போடு, இன்று ராத்திரியே எழுதித் தருகிறேன்.